எல்லா அம்புக்குறிகளும் என்னிடம்

எங்கள் பினாங்கு அலுவலகத்தில் எந்த வேலை யாரை நம்பியிருக்கிறது என்று வரைந்து காட்டும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பார்த்த இரண்டில் ஒன்று குழப்பியது. மற்றது பளிச்சென்று காட்டியது. பலமுறை யோசித்துப் பளிச்சென்று காட்டியதையே பரிந்துரைத்தேன்.

எங்கள் வேலைகளை அதில் வரைந்து மேலாளருக்குத் திரையில் போட்டதும் எல்லா அம்புக்குறிகளும் என் பெயரிட்ட கட்டத்தில் போய் முடிந்தன.

“சூப்பர்லா! இதையே வாங்கிடலாம்,” என்றார் மேலாளர். “ஆனா தங்கச்சி, வெள்ளிக்கிழமை லீவு கேட்டீங்கல்ல? நீங்க இல்லாட்டி ஒண்ணும் ஓடாது போலயே.”

வெள்ளிக்கிழமை பாலர் பள்ளி விழாவில் என் மகள் மயிலாக ஆடுகிறாள். என் கட்டத்திலிருந்து அவருடைய கட்டத்துக்கு ஓர் அம்புக்குறி இழுத்தேன்.

“ஒரு நாளைக்கு மட்டும் நீங்க பாத்துக்கங்க, பாஸ்.”

மென்பொருள் உடனே ஏற்றுக்கொண்டது. அவருக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.