பிரசவ அறையில் ஏலேலோ

எனக்குக் கோவையாக எழுத வராது. படித்தது அஞ்சாம் வகுப்பு. ஞாபகத்திலும் அங்கங்கே ஓட்டை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம். தாய் இல்லாத பெண், துணைக்கு நான் போனேன். இப்போதெல்லாம் துணைக்கு வந்தவர் ஒருத்தர் பிரசவ அறைக்குள்ளேயே இருக்கலாமாம். டெட்டால் வாசனை மட்டும் பழையபடிதான். நர்ஸ் பெண் தொடுவதற்கு முன்னால், "வயித்தத் தொட்டுப் பாக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டாள். எனக்குத்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சேலைத் தலைப்பு தேவைப்பட்டது.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாகச் சேர்ந்த காலத்தில் யாரும் இப்படி எதையும் கேட்க மாட்டார்கள். "கம்முனு கெட" என்பதுதான் முதல் வைத்தியம். நானும் வாயில்லாப் பூச்சி. வாளியும் துடைப்பமுமாக மூலையில் நிற்பேன்.

ஒரு மத்தியானம் மீனவர் ஊரான நெட்டுக்குப்பத்திலிருந்து வள்ளி வந்தாள். தலைப்பிரசவம். முதல் வலிக்கே அவள் கத்தியதும் பெரிய நர்ஸ், "மீன் ஏலமா விடறே? வாயை மூடு" என்று அதட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அதன்பிறகு அவள் தலைப்பைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக் கிடந்தாள். பிள்ளை நகரவில்லை.

"கால் மணி பாப்பேன். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிடுவேன்" என்று நர்ஸ் அடுத்த அறைக்குப் போனார்.

வழியில் ரயில்வே கேட் வேறு, மூடினால் வண்டி அங்கேயே நிற்கும். வள்ளி என் கையைப் பிடித்தாள்.

"யக்கா, வண்டி வோணாங்க்கா. ரோட்டுல பெத்துப் போட்டுச் சாவறதா?"

"சாவறதப் பத்திப் பேசாதடீ. முக்கு."

"கத்தாம முக்க வரலக்கா, பயமாகீது."

நான் காத்திவாக்கத்துக்காரி. சின்ன வயதில் கட்டுமரத்தைக் கரையேற்றும்போது கயிற்றைத் தொட்டுக்கொண்டு நானும் கத்துவேன், நானே இழுத்ததாக நினைப்பு. ஒருத்தர் 'ஏலேலோ' என்றால் மற்றவர்கள் மூச்சு எடுக்க வேண்டும். 'ஐலசா' என்று பதில் சொல்லும்போது இழுக்க வேண்டும்.

அடுத்த வலி கிளம்பும்போது அவள் காதோரம் "ஏலேலோ" என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அப்புறம் "ஐலசா" என்று அவள் போட்ட சத்தத்துக்கு, வராண்டாவிலிருந்த அவள் மாமியாரும் "ஐலசா" என்றாள்!

"இது ஆஸ்பத்திரியா, கடற்கரையா?" என்று ஓடிவந்த நர்ஸ் குனிந்து பார்த்தார். தலை தெரிந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க ஆயா? சொல்லுங்க, சொல்லுங்க!"

வண்டி தேவைப்படவில்லை. அதிலிருந்து யாராவது பயந்து கிடந்தால் நர்ஸே, "ஆயா, படகு தள்ள வாங்க" என்று கூப்பிடுவார்.

கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது. அதை இப்போது டிராக்டர் இழுக்கிறது. அந்த ஆஸ்பத்திரிக் கட்டடமும் இல்லை. "கம்முனு கெட" போனதில் மட்டும் எனக்கு வருத்தமே இல்லை.

வள்ளிக்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்பது மறந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் வள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நெட்டுக்குப்பத்தில் அவளைத் தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டு, இந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள்.