ஹேண்டில் மாட்டிய கூலி

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. தெருவில் யாருக்கும் அது தெரியாது. மோட்டார் சைக்கிளை ஆசைப்பட்டபடி மாற்றித் தரும் அந்தக் கடைக்காரரை எல்லோரும் ‘பாத்துக்கலாம்’ என்றே கூப்பிட்டார்கள். கூலி எவ்வளவு என்று கேட்டால் அவர் வாயில் வருவது அதுதான். கைவேலையில் கெட்டிக்காரர், கணக்கில் சுத்த அப்பாவி. ஹேண்டில்பாரை உயர்த்தினால் கிளட்ச் கேபிள் எட்டாது, பிரேக் ஹோஸ் எட்டாது, ஒயரையும் நீட்ட வேண்டும். நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு ஹேண்டில் மாட்டிய கூலியை மட்டும் வாங்கிக்கொள்வார். மற்றதைக் கேட்க வெட்கமாம்!

கடைசியில் கட்டட உரிமையாளர் வந்து நின்றார். இந்த மாதமும் வாடகை தள்ளிப்போனால் ஷட்டரில் அவர் பூட்டுதான் தொங்கும்.

அன்றே மனைவி அடுப்படிக் கடிகாரத்தைக் கழற்றி வந்து பட்டறைச் சுவரில் மாட்டினாள்.

“ஸ்பானர எடுத்தா மணி ஓடுது, கீழ வச்சா நிக்குது. வாடகை, கரண்டு எல்லாம் அந்த மணிக்கூலிக்குள்ளதான். யாரு வந்தாலும் சரி.”

அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

முதலில் வந்து தொலைத்தது மனைவியின் தம்பி!

“மாமா, ஹேண்டில்பார மட்டும் உயரமா மாத்திக் குடுங்க. காச அப்புறம் பாத்துக்கலாம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்பவே பேசிடலாம் மாப்ள. மணிக்கணக்குதான். அந்த ஸ்டூல்ல உக்காந்து நீயே பாரு.”

மைத்துனன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். கேபிள் எட்டாதபோது சிரிப்பு குறைந்தது. புது ஹோஸ் போட்டு, பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றி, ஒயரை ஒவ்வொன்றாக ஒட்டி முடிப்பதற்குள் நாலைந்து கொட்டாவி விட்டான். நடுவில் அவர் டீ குடிக்கக் கிளம்பியதும் உஷாரானான்.

“மாமா, ஸ்பானர் கீழ இருக்கு. இது கணக்குல வராது!”

“வராது,” என்றார் அவர்.

கூலியைக் கேட்டதும் அவன் அக்காவிடம் ஓடினான். “சொந்த மச்சான்னுகூடப் பாக்கலக்கா!”

“கூடவே உக்காந்திருந்தியே. இதுல எந்த வேலைய விட்டிருக்கலாம், நீயே சொல்லு.”

அவன் பணத்தை எடுத்து வைத்தான். அவர் எண்ணி வாங்கிக்கொண்டார். ஒரு பைசா குறைக்கவில்லை.

மறுவாரம் மைத்துனன் ஒரு நண்பனோடு வந்தான். “ஹேண்டில்தானே, ரெண்டு நிமிஷ வேலை” என்று நண்பன் ஆரம்பித்ததும் மைத்துனன் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினான்.

“உக்காரு. நானும் அப்பிடித்தான் நெனச்சேன்.”

மாதக் கடைசியில் உரிமையாளர் பூட்டோடு வந்தார். வாடகையை வாங்கிக்கொண்டு பூட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.