தோலோடு தின்னும் பட்டாணி

எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால், தேயிலைச் சரிவு தொடங்கும் முன், கொஞ்சம் சமமான மண் இருக்கிறது. வருடந்தோறும் அதில் பட்டாணி போடுகிறோம். இந்த முறை பிள்ளையார் சதுர்த்தி கழிந்த ஞாயிறன்று விதை ஊன்றினோம். தீபாவளிக்குள் கொடி மூங்கில் குச்சிகளில் ஏறிப் பூத்துவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு, மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் இருக்கும் மகள் வரவில்லை. அவளுக்கு மூன்றாவது மாதம். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. எடை இறங்கிக்கொண்டே போகிறது, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றவள், ஒரு நாள் போனில் தாயிடம் தானாகவே ஒன்றைக் கேட்டாள்.

"சின்னதுல கொடியிலேருந்து பறிச்சு அப்படியே கடிச்சுத் தின்போமே, குண்டுப் பட்டாணி, தோலோட. அது கெடைச்சா தின்னுருவேன்னு தோணுதும்மா."

என் மனைவி அப்போதே கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மறுநாள் காலை, கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லோரியில், தெரிந்த டிரைவரிடம் ஒரு பொட்டலம் போனது. சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். "சீனக் கடையில பெரட்டிப் போடுவாங்களே, அந்தத் தட்டக் காய்லா இது. நான் கேட்டது இது இல்லம்மா." அடுத்த பொட்டலத்துக்கும் அதே பதில். பிரிஞ்சாங் மார்க்கெட்டில் குண்டாகவே பார்த்து வாங்கி அனுப்பினேன். பூச்சிமருந்து வாடை அடிக்கிறது என்று தூர வைத்துவிட்டாள்.

பட்டாணியில் நாங்கள் போடுவது மூன்று வகை. தட்டையாக இருக்கும்போதே தோலோடு சமைப்பது ஒன்று. உரித்து மணியை மட்டும் எடுப்பது ஒன்று. தோலும் தடித்து, மணியும் பருத்து, இரண்டையும் சேர்த்துக் கடித்துத் தின்பது ஒன்று. மகள் கேட்டது கடைசி வகை. சில வருடங்களுக்கு முன் விதைக்கு எடுத்து வைத்ததெல்லாம் ஒரே மைலோ டின்னில் கலந்துபோயிருந்தது, அதிலிருந்துதான் எடுத்துப் போடுகிறோம். தட்டை வகையின் விதை ஓரளவு வழவழப்பானது, பிரித்துவிடலாம். மற்ற இரண்டும் சுருங்கிய விதைகள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பூவின் நிறத்தைப் பார் என்று ஒரு புத்தகத்தில் வாசித்து, கொடி கொடியாகப் போய்ப் பார்த்தேன். எங்களுடையது அத்தனையும் வெள்ளைப் பூ, அதில் வகை தெரியவில்லை. பறித்ததெல்லாம் தட்டையாகவே இருந்ததால், குண்டு வகையின் விதையே செத்துப்போய்விட்டது என்று முடிவுகட்டினோம்.

மனைவி மகளோடு இருக்க ஈப்போவுக்குப் போனாள். அந்த வாரம் முழுக்க இங்கே மழை. எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவேன். கொடிப்பக்கம் யாரும் போகவில்லை.

மகளுக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டே மனைவி திரும்பி வந்தாள். பையை வைத்ததும் நேராகப் பின்பக்கம் போனாள். அங்கிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இந்தப் பக்கம் எட்டியே பாக்கலயா? எல்லாம் முத்திப்போய்க் கெடக்கு."

நான் போனபோது, பிடுங்கி எறிவதற்காக ஒரு காயைப் பறித்திருந்தாள். அது தட்டையாக இல்லை. கோபத்தில் ஒடித்தாள். படக்கென்று ஒடிந்து தண்ணீர் தெறித்தது. ஒரு துண்டைக் கடித்து, மெதுவாக மென்று, மீதியை என்னிடம் நீட்டினாள். தோலிலும் இனிப்பு.

பக்கத்துக் கொடியின் காயைப் பிளந்தாள். அதுவும் உருண்டைதான். ஆனால் தோலின் உட்புறம் காகிதம் போல ஒரு சவ்வு. மென்றால் சக்கையாக நிற்கும். அது உரிக்கிற வகை. கொஞ்ச நேரம் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெத சாகல. நாந்தான் எதையும் குண்டாக விடல," என்றாள்.

பிஞ்சில் மூன்று வகையும் தட்டைதான். அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறித்தவள், ஓய்வு பெற்றுச் சில வருடங்கள்தான் ஆகின்றன. கூடையில் முற்றின இலை இருந்தால் எல்லோர் முன்னாலும் கங்காணியிடம் பேச்சு வாங்க வேண்டும். பிஞ்சிலேயே எடு, விட்டால் வீண் என்று பழகிய கை அது. பட்டாணிக் கொடியிலும் அதையேதான் செய்தது. மகள் சிறுமியாக இருந்தபோது தாய் விடிகாலையிலேயே மலைக்குப் போய்விடுவாள். கொடியைப் பார்க்க ஆளில்லாததால்தான் காய்கள் பருத்தன, பிள்ளை பறித்துத் தின்றாள். தாய் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டில் யாரும் குண்டுப் பட்டாணி தின்றதில்லை. குழம்பில் மிதந்த பிஞ்சுகள் ருசியாகத்தான் இருந்தன. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

பறிக்காமல் விட்டதில் பாதி முற்றிக் கடினமாகிவிட்டிருந்தது. கொடிக்கு ஒரு காயை ஒடித்துப் பார்த்து, சவ்வு இல்லாத கொடிகளில் நல்லதாக ஒரு கைப்பிடி தேற்றினாள். மறுநாள் லோரியில் போனது.

அன்று மாலை போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.  மகள் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. போனை வைத்து வெகுநேரம் கழித்து அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"இன்னும் உள்ளதான் இருக்கும்மா. வாந்தி வரல. வேற இருக்கா?"

"இருக்கு. குண்டாகட்டும், அனுப்புறேன்."

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். புதுப் பிஞ்சுகள் பனியில் நனைந்து தட்டையாகத் தொங்கின. மனைவி கொடியின் முன்னால், இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பைகளுக்குள் திணித்துக்கொண்டு நின்றாள்.