பைப்புத் தண்டில் பல்தடம்

"ஓய் வாத்தியாரே, நான் ரெண்டு நேரமும் பல்லு தேய்க்கேன். பின்ன எதுக்குவே இந்தப் பைப்புக்க தண்டுல மட்டும் பாசி பிடிக்கு?"

புகைக்கும் பைப்பை வாயிலிருந்து எடுத்து நீட்டி ஞானமுத்து அண்ணாச்சி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். நான் வேதியியல் ஆசிரியன். அது பாசி அல்ல, தண்டே கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்தான், பழைய மைப்பேனாவின் கறுப்பு மூடி வெளிறுவதைப்போல வெயில் பட்டு நிறம் மாறுகிறது என்றேன். "ஆயுசு முழுக்க ரப்பர் காட்டுல கிடந்தேன். வாயிலயும் அதுதானா?" என்று சிரித்தார்.

சென்ற மாதம் ஒரு காலையில், பால் வாங்கிக்கொண்டு நிற்கையில், அவர் போய்விட்டார் என்று சொன்னார்கள். நான் சென்றபோது தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், பைப்பில்லாமல் அந்த வாய் மூடியிருந்து நாம் பார்த்ததில்லை.

பைப்பைப் பேணுவதில் அவருக்கு அவசரமே கிடையாது. "சூட்டோட தண்டைத் திருகப்பிடாது, மூட்டு விட்டுப்போவும்" என்று ஆறவிடுவார். ஈர்க்கிலில் துணி சுற்றி, பிராந்தியில் நனைத்து, துணி வெள்ளையாக வரும்வரை துளைக்குள் ஓட்டுவார். பிறகு தண்டின்மேல் பற்பசை தேய்த்துத் துடைப்பார், கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். கடித்துக் கடித்துப் பள்ளம் விழுந்தால் தண்டை வெந்நீரில் முக்குவார். பள்ளம் தானே மேலெழும். "ரப்பருக்கு ஓர்மை உண்டும், கேட்டீரா? சூடு காட்டினா பழைய உருவத்துக்குப் போயிரும்" என்பார்.

அடக்கம் முடிந்து சில நாளில், மஸ்கட்டிலிருந்து வந்திருந்த மகன் எட்வின் அழைத்தான். "சார், அப்பாக்க பைப்பைப் புதுசுபோல ஆக்கித் தாங்க. நான் கொண்டுபோறேன்."

அண்ணாச்சியின் மனைவி ரெத்தினம் மைனியே வெந்நீர் வைத்துத் தந்தார். அண்ணாச்சி செய்வதுபோலத் தண்டை முக்கினேன். நுனியில் மேலும் கீழுமாக இருந்த பல்தடங்கள் மெல்ல எழும்பத் தொடங்கின. கண்ணுக்குத் தெரியாத பற்கள் பிடியை விடுவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்த மைனியின் குரல் மாறிவிட்டது.

"சாரே, அவரு வாயைத் தொறக்காரு."

"அம்மா, சூட்டுக்கு ரப்பர் எழும்புது" என்றான் எட்வின்.

"எழும்பினா பெறவு பதியுமாலே? அவருக்க பல்லு பட்ட எடம் வேற எங்க இருக்கு? எடுங்க சாரே!"

எடுத்தேன். மேல்தடம் மறைந்திருந்தது. கீழ்த்தடம் பாதி எஞ்சியிருந்தது. மைனி தண்டைப் பறித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"சூடா இருக்கு. இப்பம் வாயில இருந்து எடுத்ததுபோல."

"மைனி, பச்சைத்தண்ணியில போடுங்க. சூடு இருக்கும்வரை அதுவும் அழியும்."

அவர் கையைத் திறக்கவில்லை. சூட்டை விடுவதா, தடத்தை விடுவதா என்று நின்றார். பிறகு அவரே பச்சைத்தண்ணீரில் விட்டார்.

எட்வின் பைப்பை எடுக்காமலே மஸ்கட் திரும்பினான். வெந்நீர் வைத்த அன்றே நான் தண்டைத் துடைக்கையில், எஞ்சிய கீழ்த்தடம் கட்டைவிரலில் தட்டுப்பட்டது; பைப்பில் பொருத்தி மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது நுனி ஈரமாக இருந்தது. மைனி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, என் கட்டைவிரல் உணர்ந்த அந்தச் சிறு குழியைத்தான். போனவர் வாய்வைத்த பொருள் ஏதேனும் உங்கள் வீட்டில் இருந்தால், கழுவுவதற்குமுன் கண்ணை மூடி, விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.