வெண்கலக் கண்ணாடியில் ஓர் எழுத்து

சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணாடியின் மேடுபள்ளத்தைக் கண்டுபிடிப்பது எங்கள் ஆராய்ச்சி. விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கி நடக்கும் இந்தக் கணக்கில் இறங்கியவன் நிம்மதியாக இருந்ததில்லை என்பது, என்னைப்போல் இதில் அகப்பட்டுக்கொண்ட சக ஆராய்ச்சியாளர்களான உங்களுக்கே தெரியும்.

மிளகுக் கிடங்கு

யுத்த சமயம். குண்டு விழும் என்ற பயத்தில் எங்கள் கல்லூரியை மூடிவிட்டார்கள். கணக்கு வாத்தியாரான நான் காளப்பநாயக்கன்பட்டியில் அக்காள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் விசாலம் அப்போதுதான் ரங்கூனிலிருந்து நடந்தே வந்திருந்தார். அங்கே சீனப் பள்ளியில் ஆசிரியை; பழைய சீனக் கண்ணாடிகளில் உள்ள எழுத்துகளை ஆராய்ந்தவர். ஊரே காலியானபோது தலைமையாசிரியர் ஒரு வெண்கலக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்திருக்கிறார். பின்புறம் கொக்குச் சித்திரம், முன்புறம் வழவழப்பு. ஆனால் வெயிலில் பிடித்தால் எதிர்ச்சுவரில் நான்கு சீன எழுத்துகள் மங்கலாக விழும்! கண்ணுக்குத் தெரியாத நெளிவுகள் தகட்டில் இருந்தன.

அதை அளக்க நீளமான இருட்டறை வேண்டும். பக்கத்து மலைமேல் உள்ள குண்டூர் நாட்டுப் பொன்னாக் கவுண்டர் தம் மிளகுக் கிடங்கைக் கொடுத்தார். விசாலம் கவுண்டர் வீட்டிலும் நான் கிடங்கிலுமாகத் தங்கினோம். எங்களைச் சிறிது நேரம் கவனித்துவிட்டுக் கவுண்டர் கேட்டார்:

"ஏனுங்க, கண்ணாடியக் கையில வச்சுக்கிட்டுச் செவுத்தவே பாத்துட்டு இருக்கறீங்களே?"

இரண்டு கோடுகள்

நான்கில் மூன்று எழுத்துகளை விசாலம் படித்துவிட்டார். மற்றொன்றுதான் சிக்கல். அதில் இரண்டு சின்னக் கோடுகள் இருந்தால் நான்குக்கும் சேர்த்துப் பொருள் 'தூரம் போனவர் வந்து சேர்ந்தார்'. இல்லையென்றால் 'தூரம் போனவர் இன்னும் வந்து சேரவில்லை'.

அளவு மயிரிழை பிசகினாலும் கணக்கில் இல்லாத மேடெல்லாம் எழும்பும். அதனால் சின்ன நெளிவுகளைக் கொஞ்சம் அமுக்கிவிட்டே கணக்குப் போடுவோம். அதிகம் அமுக்கினால் அந்தக் கோடுகள் மறைந்தன, குறைத்தால் முளைத்தன.

விசாலத்தின் கணவருக்கு ரங்கூன் துறைமுகத்தில் வேலை. விடுப்புக் கிடைக்காமல் நின்றுவிட்டவர். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. இது எனக்குக் கவுண்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கணக்கைத் தொடவே கை கூசியது.

"எதுங்க சார் சரி?" என்று விசாலம் கேட்டார்.

"ரெண்டுமே வெளிச்சத்தோட பொருந்துதும்மா."

அவர் கண்ணாடியை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"செஞ்சவங்க ஒண்ணத்தானுங்களே எழுதியிருப்பாங்க!"

செங்கல் பொடி

இன்னும் நல்ல வெயிலில் அளந்தால் தெளிவு கிடைக்கும் என்று காத்திருந்தோம். மலையில் பனிமூட்டம் விலகவேயில்லை. ஒருவழியாக வெயில் அடித்ததும் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பிடித்தோம். சுவரில் வெறும் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தோம்; எழுத்தே இல்லை.

பாசி பிடித்த மாதிரி இருக்கிறதே என்று கவுண்டரின் மனைவி நஞ்சம்மாள், மூட்டம் போட்ட நாளெல்லாம் அதைப் புளியும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்திருக்கிறார். நெளிவுகள் அத்தனையும் தேய்ந்து போயிருந்தன. விசாலம் கண்ணாடியில் தம் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நஞ்சம்மாள் அவர் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"உங்க ஊட்டுக்காரரு வாரப்ப மூஞ்சி பளிச்சுனு தெரியோணுமில்ல கண்ணு!"

கரிப்புகை பஸ்

யுத்தம் முடிந்ததும் விசாலம் ரங்கூனுக்குப் புறப்பட்டார். அங்கே பழைய பள்ளியிலேயே மறுபடி பாடம் நடத்துவதாகவும், கணவரைப் பார்த்தவர் ஒருவரும் அகப்படவில்லை என்றும் பிற்பாடு அவர் அப்பா சொன்னார்.

அவர் புறப்பட்ட அன்று காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் கரிப்புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார்:

"இப்பவும் உங்க கணக்குல ரெண்டும் சமந்தானுங்களா சார்?"

"ஆமாம்மா."

"அப்ப நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வாரேனுங்க."

சமமான இரண்டு விடைகளில் ஒன்றை நம்பிக் கடல் தாண்டுகிற துணிச்சல் கணக்கு வாத்தியார்களுக்குக் கிடையாது. நாங்கள் பஸ்ஸுக்குக் கையாட்டிவிட்டு மலையேறிவிடுகிறோம்.