மூன்று முறை கழுவிய இயந்திரம்

எங்கள் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் அக்காவுக்கு 'கழுவாதவள்' என்று ஒரு பட்டப்பெயர். வைத்த புண்ணியவான் அப்போதைய தலைமை அதிகாரி. ஒன்பது வருடம் ஆகிறது. நான் அங்கே நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கிறவள். அக்கா கூடப் பிறந்தவள் இல்லை, கூட வேலை பார்க்கிறவள். எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது.

மாரடைப்பு வந்த ஒருவரின் ரத்தத்தில் சி.ஆர்.பி. ஐம்பத்திரண்டு என்று அக்கா எழுதினாள். உடம்புக்குள் அழற்சி இருந்தால் ஏறுகிற அளவு அது. முதல் நாள் அதே ஆளுக்கு வெறும் நான்கு. அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முந்தின ஆளின் ரத்தம் இயந்திரத்தில் தங்கியிருக்கிறது, இவள் கழுவாமல் ஓட்டிவிட்டாள் என்று முடிவு கட்டினார். மாரடைப்பு வந்தவருக்கு இரண்டாம் நாள் அந்த அளவு எகிறும் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். கேட்கிற காது இருந்தால்தானே. 'கழுவாமல் ஓட்டியது என் தவறு' என்று கடிதம் எழுத வைத்து, அதை அறிவிப்புப் பலகையில் குத்தி, அவளைச் சிறுநீர் மேசைக்குத் தள்ளினார். அவர் ஓய்வு பெறும்வரை ஏழு வருடம் அவள் மோந்தது அதைத்தான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் கணவர், "கையக் கழுவிட்டியா?" என்று கேலி செய்தார். மூன்று நாள் அவரோடு பேச்சு இல்லை.

கடிதத்தை அக்கா ஒரு வாரம் கழித்துக் கழற்றி, நான்காக மடித்து, அடையாள அட்டையின் உறைக்குள் வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும்டி. ஒரு நாள் வேணும்."

போன திங்கட்கிழமை அந்த அதிகாரியே மாரடைப்போடு வந்து சேர்ந்தார். ரத்தம் எடுத்தது நான். ஊசி முதல் குத்திலேயே ஏறிவிட்டதில் எனக்கு வருத்தம்தான். அன்றைக்கு சி.ஆர்.பி. மூன்று. மறுநாள் அறுபத்தொன்று. அக்கா எண்ணைப் பார்த்துவிட்டு இயந்திரத்தைக் கழுவினாள், ஓட்டினாள். திரும்பக் கழுவினாள், ஓட்டினாள். மூன்றாவது தடவையும் கழுவி ஓட்டினாள். மூன்று தடவையும் அறுபத்தொன்றுதான்.

அதற்குள் வார்டிலிருந்து சேதி வந்தது. ஸ்டேட்டின் மாத்திரையை அவர் தொட மாட்டேன் என்கிறாராம். கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறது, கொழுப்பு மாத்திரை எதற்கு என்கிறாராம்.

"விடுங்கக்கா. வேணாம்னா போய்ச் சேரட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"போய்ச் சேந்துட்டா நான் யார்கிட்ட கேக்கறது?" என்று தாளை எடுத்துக்கொண்டு படியேறினாள். பரிசோதனைக் கூடத்து ஆட்கள் வார்டுக்குள் போகிற வழக்கமே கிடையாது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

கட்டிலருகே அவருடைய மனைவியும், பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்த இதய டாக்டரும் இருந்தார்கள். "சார், இது கொழுப்புக்கு மட்டும் இல்ல. ரத்தக்குழாய் சுவர்ல இருக்கிற அழற்சியையும் தணிக்கும். மாரடைப்பு வந்தவங்களுக்கு கொழுப்பு அளவு சரியா இருந்தாலும் குடுப்போம்."

"எனக்கு அழற்சின்னு யார் சொன்னா?"

அக்கா தாளை நீட்டினாள். அவர் நேற்றைய எண்ணைப் பார்த்தார், இன்றைய எண்ணைப் பார்த்தார். பழக்கதோஷம் விடுமா? "மெஷினக் கழுவினியா?" என்றார்.

இதற்காகத்தான் ஒன்பது வருடம் காத்திருந்தாள். உறையிலிருந்து கடிதத்தை எடுத்துப் போர்வைமேல் விரித்தாள். "இந்த நம்பர் பொய்னா மாத்திரை வேணாம் சார், நிம்மதியா படுங்க. நிஜம்னா அன்னைக்கும் நிஜம். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி கடிதத்தை எடுத்து வாசித்தார். "இத நீங்களா எழுத வச்சீங்க?" என்று கணவரைக் கேட்டார். நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு, சத்தியமாக, கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை.

கடைசியில் பேனா கேட்டார். அந்த வரியை அடித்து, 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மாத்திரைக்காகக் கையை நீட்டினார்.

அக்கா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல கையக் கழுவுங்க சார்" என்றாள்.

அவர் மனைவி கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்தார். அவர் கழுவி முடிக்கும்வரை அக்கா அங்கேயே நின்றாள்.