வாசலைப் பார்த்த செருப்புகள்

அத்தை ஜப்பானிய மொழி கற்றுக்கொள்ளத் தொடங்கியதும் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டில் முதலில் மாறியது செருப்புகள்தான். அப்பாவின் தங்கையான அவள் பீன்யாவில் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மொழியோடு அவர்களின் பழக்கவழக்கங்களையும் சொல்லிக்கொடுத்தார்கள். விருந்தாளி உள்ளே வந்ததும் அவர் கழற்றிவிட்ட செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கவேண்டுமாம்; கிளம்பும்போது அவர் சிரமமில்லாமல் மாட்டிக்கொள்ளலாம். கேபிள்காரர் வந்தால்கூட அத்தை திருப்பி வைத்துவிடுவாள். "வந்தவங்களைத் தொரத்துற மாதிரி இருக்குடி" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கோ பெருமை தாங்காது. எங்கள் பள்ளியில் வேறு யாருக்கு இப்படி ஒரு அத்தை?

அந்த வருடம் அத்தையைப் பெண் பார்க்க சிவாஜிநகரிலிருந்து வந்தார்கள். நல்ல இடம், மாப்பிள்ளைக்குச் சொந்தமாகத் துணிக்கடை. இது எப்படியாவது தகைந்துவிட வேண்டும் என்று அப்பா வேண்டாத சாமி இல்லை. அத்தையும் தழையத் தழையப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். எல்லாம் சுமுகமாகவே போனது.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த ஜப்பான் கிளாஸு, பீன்யா வேலையெல்லாம் எதுக்கும்மா? கடைக்கு வர்றவங்ககிட்ட ஜப்பான்லயா பேசப் போற?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், அவர்களுடைய செருப்புகளை ஜோடி ஜோடியாகத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். இடுப்பை வளைத்து ஒரு வணக்கமும் போட்டாள்.

"இன்னாம்மா இது, எங்களைக் கெளம்பச் சொல்றியா?" அந்த அம்மாள் எழுந்தேவிட்டார்.

அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ, அப்படியில்லீங்க! ஜப்பான்ல இதுதாங்க பெரிய மரியாதை" என்றார். "ஆமா ஆன்ட்டி, யார் வந்தாலும் அத்தை இப்படித்தான் வைப்பாங்க" என்று நானும் சாட்சி சொன்னேன். அத்தை ஒன்றும் அறியாத பிள்ளைபோல நின்றாள். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. ஆனால் செருப்பை மட்டும் அவர்கள் சிரமமில்லாமல் மாட்டிக்கொண்டு போனார்கள்.

இவ்வளவு நல்ல மரியாதையைப் புரிந்துகொள்ளத் தெரியாத மனிதர்கள் என்று எனக்கு அவர்கள்மேல் வெகுநாள் கோபம். அத்தை அதே கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராகி, இன்று ஒசாகாவுக்கும் பெங்களூருக்குமாகப் பறந்துகொண்டிருக்கிறாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் அன்று ஒன்று உறைக்கவில்லை. விருந்தாளி உள்ளே நுழைந்த கையோடு செருப்பைத் திருப்பிவிடுகிற அத்தை, அன்று அவர்கள் வந்து உட்கார்ந்து, கேசரி தின்று, காபி குடித்து முடிக்கும்வரை வாசல் பக்கமே போகவில்லை.